அழிக்க வேண்டியதை விட்டுவிட்டு, அழிக்கக் கூடாததை அழித்த மென்பொருள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உலாவல் தடயம் அழிக்கும் மென்பொருளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டும், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தக் கோரியும்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவாக 1,499 ரூபாய் கட்டினேன். ரசீதை இணைத்திருக்கிறேன்.

எதற்காக வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணினி. என் கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் பயாப்சி எழுதிக் கொடுத்தார், ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து அதைப் பற்றியே தேடிக்கொண்டிருந்தேன். முடிவு தெரியும்வரை மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

உங்கள் இலவசப் பதிப்பை ஓடவிட்டதும் சிவப்பு எழுத்தில் '2,317 ஆபத்துகள்' என்று வந்தது. பக்கத்திலேயே பத்து நிமிடக் கடிகாரம் குறைந்துகொண்டே போனது. அதற்குள் வாங்கினால் பாதி விலையாம். ஏற்கெனவே பயந்து போயிருந்தவன், கட்டிவிட்டேன். அப்புறம்தான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் குக்கீகளும் (இணையதளங்கள் நம் கணினியில் வைக்கும் சின்னக் குறிப்புக் கோப்புகள்) தற்காலிகக் கோப்புகளும்தான். சுத்தம் செய்த கையோடு ஒரே ஒரு செய்தித்தாள் தளத்தைத் திறந்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன்: 86 ஆபத்துகள். பேப்பர் படிப்பது இவ்வளவு அபாயமா!

மூன்றாம் நாள் மனைவி தன் டேப்லெட்டில் தேடல் பெட்டியைத் தொட்டிருக்கிறாள். நான் தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. இரண்டிலும் ஒரே கூகுள் கணக்கு. கணினியில் இருந்த கோப்பை நீங்கள் அழித்தது உண்மைதான். ஆனால் தேடல்கள் கூகுளின் சர்வரில், 'எனது செயல்பாடு' பக்கத்தில், அப்படியே இருந்தன. அங்கே போய்த்தான் அழிக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். உங்கள் விளம்பரமோ 'ஒரு தடயமும் மிஞ்சாது' என்கிறது. ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வந்தது. அதற்கு முந்தின இரண்டு நாள் அவள் அழுததற்கு உங்களிடம் ரீஃபண்ட் கேட்க முடியாது.

அழிக்கக் கூடாததை மட்டும் சுத்தமாக அழித்துவிட்டீர்கள். 'சேமித்த கடவுச்சொற்கள்' என்ற கட்டத்தில் நீங்களே டிக் போட்டு வைத்திருக்கிறீர்கள். மின்கட்டணம், ரயில் டிக்கெட், மகளின் கல்லூரிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் புதுக் கடவுச்சொல் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

உங்கள் '35 முறை மேலெழுதும் ராணுவத் தர அழிப்பு' பற்றியும் சொல்ல வேண்டும். அழித்த கோப்பை யாரும் மீட்க முடியாதபடி அதன்மேல் வேறு எதையாவது எழுதி மூடுவதாம். அந்த 35 என்ற கணக்கு பீட்டர் குட்மன் என்ற கணினி ஆய்வாளர் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு எழுதியது அது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னால் சொல்லிவிட்டார். என் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை. அதில் மேலே எழுதினால் பழைய இடத்திலேயே எழுதப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, தேய்மானம்தான் மிச்சம். இதை எனக்குச் சொன்னது எங்கள் தெருமுனை சர்வீஸ் கடைப் பையன். கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் வரலாற்றை அழிக்கும் பெட்டி வந்துவிடும் என்று காட்டிக் கொடுத்ததும் அவன்தான். காசு வாங்கவில்லை.

சரி, சந்தாவை நிறுத்தலாம் என்று போனால், 'என் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை' என்ற பொத்தானை அழுத்தச் சொல்கிறீர்கள். அதை அழுத்தியும் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு 2,999 ரூபாய் என்று கணக்கில் இன்னும் நிற்கிறது. பொய்யான அவசரம் காட்டுவது, மறுப்பவரைக் கூச வைப்பது, சந்தாவிலிருந்து வெளியே விடாமல் சிக்க வைப்பது ஆகிய மூன்றுமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்டவை. மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன்.

1,499 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்து எழுத்தில் உறுதி கொடுங்கள். கடவுச்சொல் கட்டத்தில் இருக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இது எனக்காக இல்லை, அடுத்து வாங்கப் போகிறவருக்காக. 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: ரசீது, ஸ்கிரீன்ஷாட்டுகள் மூன்று