பிப்ரவரி 8 கொச்சி பயணம்: கவனிக்கவும்

அனைவருக்கும் வணக்கமுங்க. ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு நம்ம கோவை குடியிருப்பு வாசலில் பஸ் கிளம்பும். காலை டிபன் வழியில்.

1. முதலில் மட்டாஞ்சேரி. யூத ஜெப ஆலயம் மதியம் 1 மணிக்கு அடைத்து 3 மணிக்குத்தான் திறப்பாங்க. தாமதித்தால் பக்கத்து மட்டாஞ்சேரி அரண்மனை மட்டும்தான் மிஞ்சும். (வெள்ளி, சனி போகாததற்குக் காரணம்: வெள்ளி அரண்மனை விடுமுறை, சனி ஆலயம் விடுமுறை.)

2. ஆலயத்தில் செருப்பைக் கழற்றணும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை வேண்டாம்.

3. புனித பிரான்சிஸ் தேவாலயம் மதியத்துக்கு மேல். காலையில் வழிபாடு நடக்கும். வாஸ்கோடகாமாவை 1524-இல் அடக்கம் செய்த இடம். உடல் எச்சம் இப்போது லிஸ்பனில்; கல்லறைக் கல்லை மட்டும் பார்க்கலாம்.

4. சீன வலை (கரையில் நிறுத்தியிருக்கும் பெரிய மீன்பிடி வலை): கயிற்றில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள்தான் வலையைத் தூக்க உதவும் எதிர் எடை. இழுத்துப் பாருங்கன்னு கூப்பிட்டால், காசை முன்னாடியே பேசிக்கோங்க.

5. கோட்டைக் கொச்சிக் கரையில் குளியல் கிடையாது. கப்பல் போகும் வாய்க்கால், இழுப்பு அதிகம். பசங்க கையைப் பிடிச்சுக்கோங்க.

6. திரும்ப எர்ணாகுளம் ஹைகோர்ட் படகுத்துறைக்கு வாட்டர் மெட்ரோ (பயணிகள் படகு). ஒரு படகில் 100 பேர்தான்; மாலை வரிசை நீளும், 5.30-க்கே நிற்கணும்.

வருபவர்கள் பெயர், வயது, போன் எண்ணை புதன் இரவு 9-க்குள் எனக்குத் தனியாக அனுப்புங்க. இங்கே கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.