கத்தி வேண்டாம் என்று கெஞ்சிய எங்களிடம் உண்மையைச் சொன்ன டாக்டருக்கு

நேற்று அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அயனாவரம் மார்க்கெட் வரை போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்தார். ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகிறது. அந்தக் கீரைக்கட்டைப் பார்த்ததும், இந்த நன்றியை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே மூன்று வாரத்தை வீணாக்கினோம். அப்புறம் ஸ்கேனில் பித்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்து, எண்டோஸ்கோபி செய்தபோது, பித்தக்குழாயும் கணையக்குழாயும் ஒன்றாகச் சேர்ந்து சிறுகுடலுக்குள் திறக்கிற ஆம்புல்லா என்ற இடத்தில் கட்டி இருந்தது. கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதித்த பயாப்ஸியில் அடினோமா என்ற சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்று வந்தது. அப்படியென்றால் வாய் வழியாகவே எடுத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்கவே வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் முடிவே செய்துவிட்டோம்.

எண்டோஸ்கோபி டாக்டர், முதல் நன்றி உங்களுக்குத்தான். நானே எடுக்கிறேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கும்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்போம். நீங்களோ உள்ளே குழாய் விட்டு ஸ்கேன் எடுக்கிற எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு, ஸ்கேன் கவரின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு குழாய் சேர்கிற மாதிரி படம் போட்டீர்கள். "வாசல்ல மட்டும் இருந்தா சுருக்குக் கம்பி போட்டு நானே எடுத்துடுவேன். இது பித்தக்குழாய்க்குள்ள 2 சென்டிமீட்டருக்கு மேல ஏறியிருக்கு" என்றீர்கள். பயாப்ஸியில் கிள்ளுவது மேலாக இருக்கும் சதையைத்தான், அடியில் புற்று இருந்தால் அதில் சிக்காமலே போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன அப்பா அந்தக் கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பைப்புக்குள்ளயே பிடிச்சிருக்கு, பைப்பைத்தான் மாத்தணும்" என்றார். வீட்டில் நடந்த வாக்குவாதம் அதோடு முடிந்தது.

அறுவை சிகிச்சை டாக்டரும் எதையும் பூசி மெழுகவில்லை. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பாதி எல்லாம் போகும், சர்க்கரை வரலாம், தைத்த இடத்தில் கசியலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா பயந்து அழுததைப் பார்த்து, நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் 1935-இல் எழுதியதே ஆம்புல்லா புற்றுக்கு இந்த ஆபரேஷன் செய்ததைப் பற்றித்தான், இன்று நேற்று வந்த முறை இல்லை அம்மா என்று பொறுமையாக விளக்கினார். ஏழு மணி நேரம் ஆனது. எடுத்த கட்டியைச் சோதித்ததில் குழாய்க்குள் இருந்த பகுதியில் ஓரிடத்தில் புற்று இருந்தது, நெறிக்கட்டிகள் சுத்தம். அந்த ரிப்போர்ட்டைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வாசலில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்போமே!

பக்கத்துப் படுக்கை அக்காவுக்கும் இதே இடத்தில்தான் கட்டி. அவருக்குக் குழாய்க்குள் ஏறவில்லை, அதனால் எண்டோஸ்கோபியிலேயே எடுத்து, கணையம் வீங்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற ஒரு சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். திரும்ப வளர்கிறதா என்று அவர் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்த்தாக வேண்டும். அவருக்கு அது சரி, அப்பாவுக்கு இது சரி.

ஐசியூ சிஸ்டர், உங்களை எப்படி மறப்பது? மூன்று பந்து இருக்கிற அந்த ஊதுகுழல் மாதிரியான கருவியில் மூச்சை இழுக்கச் சொல்லி, வலிக்குது என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டபோதெல்லாம் தலையணையை அவர் வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு பந்து மட்டும்ப்பா" என்று நின்றீர்களே. மூன்றாவது பந்து மேலே போன அன்று நீங்கள்தான் முதலில் கைதட்டினீர்கள்.

ரத்தம் கொடுக்க விடியற்காலையில் வந்து நின்ற ஐசிஎஃப் நண்பர்களுக்கும், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், பதினாறு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அத்தைக்கும் எங்கள் நன்றி.

அப்பா இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுகிறார், சாப்பாட்டோடு, செரிப்பதற்கு என்சைம் மாத்திரை போடுகிறார். டாக்டர், நீங்கள் படம் போட்ட அந்தக் கவர் ரேஷன் கார்டோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த செக்கப்புக்கு எடுத்துக்கொண்டு வருகிறோம், அதில் உங்கள் கையெழுத்து வேண்டுமாம் அப்பாவுக்கு.