ராசி கெட்டது இன்ஜினா, பாலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நீராவி இன்ஜின்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரை, ஸ்காட்லாந்தில் ஓடிய நார்த் பிரிட்டிஷ் ரயில்வேயின் 224-ஆம் எண் இன்ஜினை ‘75 பேரைக் காவு வாங்கிய ராசி கெட்ட இன்ஜின்’ என்று குறிப்பிடுகிறது. கரி வண்டியில் வெந்து பிழைத்தவன் என்பதால் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு டே ஆற்றுப் பாலத்தில் என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புயற்காற்றில் பாலத்தின் நடுவே உயர்ந்து நின்ற 13 கண்களும் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளும்) சரிந்தன. அவற்றின் மேல் போய்க்கொண்டிருந்த வண்டி கூடவே ஆற்றில் விழுந்தது. அந்த வண்டியை வழக்கமாக இழுத்த சிறிய டாங்க் இன்ஜின் பழுதாகிவிட்டதால்தான் அன்று 224-ஐ மாட்டி அனுப்பியிருந்தார்கள். மறு ஆண்டு அதை மேலே கொண்டுவந்தபோது நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் திறந்தே இருந்தது, பிரேக் போடப்படவில்லை. டிரைவர் டேவிட் மிட்செலுக்கும் ஃபயர்மேன் ஜான் மார்ஷலுக்கும் எச்சரிக்கையாக ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

வார்ப்பிரும்புத் தூண்களின் ஓட்டைகளில் தேன்மெழுகையும் இரும்புத் தூளையும் குழைத்து அடைத்தவர்கள் யார்? தளர்ந்து கடகடத்த இழுகம்பிகளுக்கு இடையே இரும்புத் துண்டுகளைச் செருகிவிட்டு, அதை வடிவமைப்பாளருக்குத் தெரிவிக்காமல் இருந்தவர் பாலத்தைக் கண்காணிக்க வைக்கப்பட்டவர்தானே? காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாகக் கணக்கிடாமல் வடிவமைத்த தாமஸ் பௌச், பாலம் திறந்த மறு ஆண்டே ‘சர்’ பட்டமும் பெற்றார். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றுமே மோசம் என்று விசாரணைக் குழுத் தலைவர் ஹென்றி ராத்தரி தெளிவாகவே எழுதிவைத்தார். தங்கள் கட்டுரையிலோ பௌச்சுக்கு அரை வரிகூட இல்லை. பட்டம் வாங்கியவர்களை மரியாதையுடன் விட்டுவிட்டு, வாய் பேசாத இரும்பின் மேல் பழி போடுவது பத்திரிகைக்கு எளிதுதான்.

அந்த இன்ஜின் தூக்கும்போதே நழுவி மறுபடியும் ஆற்றுக்குள் போனது. பெரிய சேதமில்லாததால் கௌலேர்ஸ் பட்டறையில் பழுது பார்க்கப்பட்டு, ‘டைவர்’ (நீரில் மூழ்குபவர்) என்ற பட்டப்பெயருடன் 1919 வரை உழைத்தது. விழுந்த பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதிய பாலத்தில் அதை ஓட்ட டிரைவர்கள் தயங்கினார்கள் என்பதை ராசிக்குச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். 1908-இல் அதே டிசம்பர் 28 அன்று அது புதிய பாலத்தில் வண்டி இழுத்து அக்கரை சேர்ந்த செய்தி மட்டும் எப்படியோ விடுபட்டுவிட்டது. கதைக்கு இடைஞ்சல் போலும்.

நான் வேலை பார்த்த மீட்டர் கேஜ் ஷெட்டிலும் இப்படி ஓர் இன்ஜின் இருந்தது. குறிப்பிட்ட ஒரு ஸ்டேஷனில், வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் அது அடிக்கடி தடம்புரண்டதால், எலுமிச்சம்பழம் நசுக்காமல் யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. கடைசியில் அங்கே தடம் பிரியும் பாயின்ட் பக்கத்தில் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், விரிந்திருந்தது தெரியவந்தது. வேறு இன்ஜின்களும் அதே இடத்தில் இறங்கியிருந்தன. பெயர் கெட்டுப்போன இன்ஜினின் கணக்கை மட்டுமே எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். அதற்குள் அப்பாவி டிரைவர் ஒருவருக்கு சார்ஜ் ஷீட் கொடுத்து இன்கிரிமென்டையும் நிறுத்தியாகிவிட்டது. பாதையைப் பார்க்க வேண்டியவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

தங்கள் இதழிலும் எந்த விபத்துச் செய்தியானாலும், விசாரணை தொடங்கும் முன்பே ‘ஓட்டுநரின் கவனக்குறைவா?’ என்று ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாதையை அரித்து வண்டி கவிழ்ந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இன்ஜினுக்கு ஜாதகம் பார்க்கச் சொல்லவில்லை. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதங்களுக்குத் தங்கள் பக்கங்களில் இடம் கிடைத்ததில்லை. நீராவி இன்ஜின் கட்டுரைக்கு டீசல் இன்ஜின் படம் போட இடம் கிடைத்தது.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம்தான். விழுந்தது பாலம், அதனால் விழுந்தது இன்ஜின் என்றும், 75 என்பது அன்றைய மதிப்பீடு, பெயர் உறுதியாகத் தெரிந்தவர்கள் 60 பேர் அளவில்தான் என்றும் அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிட வேண்டுகிறேன். செய்திப் பக்கங்களில் இடமில்லையென்றால் ராசிபலன் பக்கத்தின் ஓரத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை; கட்டுரையைப் படித்தவர்கள் அங்கேதான் தேடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபயர்மேன் ஒருவர்,
கும்பகோணம்