அவை இறால் குஞ்சுகள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், தென் அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் பூவே தீவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். (பெயர்தான் பூவே, பூக்கும் செடி ஒன்றுகூட அங்கே கிடையாது. 1739-இல் அதை முதலில் கண்ட பிரெஞ்சு மாலுமியின் பெயர் அது.) 1775-இல் ஜேம்ஸ் குக் தேடியும் சிக்காத தீவை, 1898-இல் ஜெர்மனியின் வால்டிவியா கப்பல் சரியான இடத்தில் குறித்துவைத்த கதை சுவையாக இருந்தது. ஆனால் சீல்களையும் பென்குவின்களையும் சொல்லிவிட்டு ‘மற்றபடி உயிரற்ற இடம்’ என்று முடித்ததும், கடலடிப் படத்துக்குக் கீழே ‘இறால் குஞ்சுகள்’ என்று போட்டதும் உறுத்தின.

படத்தில் இருப்பவை ஆம்ஃபிபாடுகள் என்னும் சிறு ஓட்டுடலிகள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். சில வருடங்கள் கடலடி மாதிரிகளைப் பிரிக்கும் வேலை பார்த்தவன் என்பதால் இது கண்ணில் பட்டது. சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, மிஞ்சியதைத் தட்டில் பரப்பினால் ஆம்ஃபிபாட் ஒருக்களித்தே கிடக்கும். நிமிர்த்தி வைத்தாலும் சாய்ந்துவிடும். உடம்பு பக்கவாட்டில் ஒடுங்கியது. அதே தட்டில் அதன் உறவுக்கார ஓட்டுடலிகள் மூன்றும் கிடக்கும். ஐசோபாட் மேலிருந்து அமுக்கியதுபோலத் தட்டை. குமேசியன் முன்னால் பருத்து, பின்னால் குச்சி வாலோடு தலைப்பிரட்டையை நினைவூட்டும். தனாய்டை நூல் பிசிறு என்று பல முறை ஒதுக்கியிருக்கிறேன். லென்ஸை இறக்கினால் முன்னால் இரண்டு கொடுக்குகள் தெரியும்.

இந்த நான்குக்கும் பொதுவான ஒன்று, தாயின் நெஞ்சுக்கு அடியில் இருக்கும் அடைகாக்கும் பை. நண்டின் முட்டையிலிருந்து வரும் இளவுயிரி நீரோட்டத்தில் வாரக்கணக்கில் மிதந்து ஊர் மாறும். இவற்றின் குஞ்சுகளோ பையை விட்டு வெளியே வரும்போதே தாயின் சிறு வடிவம். பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். அப்படியானால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் சூழ்ந்த தீவுக்கு அவை வந்தது எப்படி? கட்டுரை கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். ஒரு வழி, அறுந்து மிதக்கும் பெரிய கடற்பாசிகள். அவற்றின் பற்றுவேரில் குடியிருக்கும் ஓர் ஐசோபாடும் ஓர் ஆம்ஃபிபாடும் தென்கடல் தீவுகளுக்கிடையே இப்படித்தான் பரவியிருக்கின்றன என்று மரபணு ஒப்பீடு காட்டியிருக்கிறது. ஆழத்தில் வாழ்பவற்றுக்கு அந்தத் தெப்பமும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஊர்ந்து வந்திருக்க வேண்டும். வழியில் பிரிந்துபோன கூட்டங்கள் தனித்தனி இனங்களாகின்றன.

எத்தனை இனங்கள் என்கிறீர்களா? பூவேக்குத் தென்மேற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலிலும் அதையொட்டிய ஆழத்திலும் 2002 முதல் 2005 வரை நடந்த ஆன்டீப் என்னும் ஆழ்கடல் ஆய்வுப் பயணங்களில் ஐசோபாடுகள் மட்டும் 674 இனங்கள் கிடைத்தன. அவற்றில் 585 அதுவரை பெயரே இல்லாதவை. பூவேயைச் சுற்றியும் 2003-இல் ஜெர்மனியின் போலார்ஷ்டெர்ன் ஆய்வுக் கப்பல் கடலடியில் வலை இழுத்திருக்கிறது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பென்குவின் படத்துக்கு முழுப் பக்கம்!

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் கிடப்பதன் கால்களுக்கு நடுவே மஞ்சள் உருண்டைகள் தெரியும். அவை முட்டைகள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்