பழைய இரும்புக்குப் போடச் சொன்னீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களுக்குப் புத்தி சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். மற்றதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: செசி நம்பர் (பைக்கின் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கம்) 17 எழுத்தும் முழுசாகத் தெரியாவிட்டால் அது களவு பைக்தான், பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று. எழுதியவர் எந்த ஊரோ தெரியாது, கடல் இல்லாத ஊராகத்தான் இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஹொண்டா சீடி 125 பென்லி. என் மாமாவுடையது, மனைவியின் தகப்பன். 2004 டிசம்பர் 26 அன்று பெரியகல்லாற்றில் அவருடைய வீட்டோடு சேர்த்து அதையும் கடல் எடுத்தது. ஒன்பதாம் நாள் பக்கத்து வளவில், சாய்ந்து கிடந்த வேலிக்கடியில் ஹென்டிலின் ஒரு பக்கம் மட்டும் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள்தான் கண்டார்கள். தோண்டி எடுத்து, எஞ்சினைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, இரண்டு மாதம் கழித்து உதைத்தபோது ஸ்டார்ட் ஆனது. மாமா அன்றைக்குத்தான் அழுதார். வீட்டுக்கு அழாத மனிதர். பைக்கின் பதிவுப் புத்தகம் போனது போனதுதான், நல்ல காலம் மச்சாளிடம் அதன் போட்டோ பிரதி ஒன்று இருந்தது.

அப்போது ஹென்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாயில் நம்பர் இருந்தது. பெயின்ட் அடித்தோம், உள்ளே உப்பு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வருசா வருசம் மண்டூர்த் திருவிழாவுக்குக் குருமண்வெளியில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றி மட்டக்களப்பு வாவியைக் கடந்து போய்வந்த பைக் வேறு. (போன வருடம் அந்தப் பாதையைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாக வெட்டியதும் அல்லாமல், குருமண்வெளியைக் ‘குருமன்காடு’ என்று அச்சடித்து எங்களையெல்லாம் வவுனியாவில் கொண்டுபோய் விட்டீர்கள். அதற்கு இன்னும் ஒரு திருத்தம் வரவில்லை.)

மாமா காலமான பிறகு பைக்கை என் பெயருக்கு மாற்றப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தரமாட்டேன். அங்கே பைக்கின் கழுத்துக் குழாயைச் சுரண்டிப் பார்த்த அதிகாரி, “இரும்பில இல்லாதது பேப்பர்ல இருந்து என்ன?” என்றார். வீட்டுக்கு வந்து தின்னரால் துடைத்து, சிகரெட் பெட்டியின் உள்தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தேன். சீ, டி, 1, 2, 5, ரீ, ஒரு கோடு, பிறகு மூன்று இலக்கம். மிச்சம் பூச்சி தின்ற பலகை மாதிரி. அந்த மூன்றும் போட்டோ பிரதியில் உள்ளதோடு பொருந்துகின்றன. இதைக் காட்டியும் அவர் தலையை ஆட்டவில்லை.

உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். ஜப்பான்காரன் தன் நாட்டுக்கென்று செய்து, பாவித்த பிறகு இங்கே வந்த பழைய பைக்குகளில் 17 எழுத்தே கிடையாது. மாதிரிப் பெயர், ஒரு கோடு, பிறகு இலக்கம், அவ்வளவுதான். 17 எழுத்து இப்போதைய இந்திய பைக்குகளுக்குச் சரி. அவற்றில் முதல் எழுத்து எம், உள்ளே ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது, அப்படி வந்திருந்தால் சந்தேகப்படுங்கள், அது நியாயம். ஹொண்டாவின் எஞ்சின் நம்பரில் மாதிரிப் பெயருக்குப் பின்னால் ஓர் ‘ஈ’ ஒட்டியிருக்கும், செசி நம்பரில் இருக்காது. இது தெரியாமல் 2022இல் என் மருமகன் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் எடுக்க, செசி நம்பர் கேட்ட இடத்தில் எஞ்சின் நம்பரையே போட்டுப் போட்டு, வாரம் கிடைக்கவிருந்த நாலு லீற்றர் பெற்றோலுக்காக மூன்று இரவு போனோடு மல்லுக்கட்டினான். பிழை எங்கே என்று சொல்ல அப்போது ஒரு பத்திரிகையும் இல்லை, உங்களுடையதும் சேர்த்துத்தான்.

அப்புறம் களவு. துருப் பிடித்து அழிந்த இடம் குழி குழியாக இருக்கும். அரத்தால் அழித்த இடம் தட்டையாக, ஒரே பக்கம் ஓடும் கீறல்களோடு இருக்கும், அல்லது குழியை நிரப்ப மேலே பட்டி பூசியிருக்கும். கையால் தடவினாலே தெரியும். அரத்தால் அழித்ததைக்கூட அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் அமிலம் பூசி மீட்டெடுக்கலாம், ஏனென்றால் நம்பரை அடிக்கும்போது அதன் அடியில் உள்ள உலோகமும் நெரிந்துவிடுகிறது. கடல் தின்றதை யார் மீட்பது? கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவர், “அண்ணே, பஞ்ச் செட் கிடக்கு, அஞ்சு நிமிசத்துல புதுசா அடிச்சுத் தாறன்” என்றார். வேண்டாம் என்று வந்தேன். அடித்திருந்தால் உங்கள் கட்டுரையாளர் சொன்ன ஆளாக உண்மையிலேயே ஆகியிருப்பேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஐந்து வருடம் வெளிநாட்டிலிருந்து புது பைக் வரவில்லை. அந்தக் காலம் முழுக்கப் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் மூட்டையும் பால் கேனும் எதில் போயின என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் பழைய இரும்பு என்கிறவற்றில்தான். என் வாசலுக்கே வந்து மூன்றரை லட்சத்துக்குக் கேட்டுவிட்டுப் போகிறார்கள், கழுத்தில் நம்பர் இல்லை என்று சொன்ன பிறகும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த பைக்கில் செசி நம்பர் எங்கே இருக்கும், எஞ்சின் நம்பர் எங்கே இருக்கும் என்று ஒரு சின்னப் படம் போடுங்கள். ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும். துருவால் நம்பர் அழிந்த பைக்கை முறைப்படி பதிந்துகொள்ள எங்கே போக வேண்டும் என்று உரியவர்களிடம் கேட்டு, தமிழில் எழுதுங்கள். படிவத்தில் ‘அடிச்சட்ட இலக்கம்’ என்று போட்டிருப்பதை எங்கள் பாஸ்மாருக்கும் விளங்கும்படி எழுதினால் புண்ணியம்.

பென்சிலால் தேய்த்த தாளின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலத்தை அனுப்பவில்லை. மன்னிக்கவும், உங்கள் அலுவலகத்துக்குப் போன என் படங்கள் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
களுவாஞ்சிகுடி