ஹெட்டை இறக்கும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் காரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று போன வாரம் நம் நாளிதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. டயர், வைப்பர், பேட்டரி, பிரேக் எல்லாம் இருந்தது, சரி. இன்ஜின் ஆயிலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. இந்த வருடம் அந்த ஒரு விஷயத்தில் நிறையப் பணத்தை விட்டவன் நான், அதனால் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் இருந்து புதுச்சேரிக்கு தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். 11 வருடம் ஓடிய டீசல் வண்டி. பிப்ரவரியில் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைய ஆரம்பித்தது, வாரம் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஒருநாள் காலையில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் அதிகமாகிப்போன காபி மாதிரி இருக்கிறது, அளவும் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. வழக்கமாக விடும் ஷெட்டில் காட்டினேன். பார்த்த நிமிடமே "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல் பகுதி, அதற்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையில் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் தகடுதான் கேஸ்கட். இறக்கினார்கள். லேத்தில் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாக்கும் ஃபேஸிங், புது கேஸ்கட், புது போல்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட், கூலி என்று 38,000 ரூபாய் ஆனது. சரியாக 16 நாள். மறுபடியும் அதே நிறம்.

அப்புறம் வில்லியனூர் பக்கம் ஒரு மெக்கானிக் பெரியவரிடம் போனேன். அவர் டிப் ஸ்டிக்கைத் தொடக்கூட இல்லை, முதலில் ரிசர்வ் டேங்கைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஆயில் ஒட்டியிருந்தது. "தம்பி, ஆயில்ல தண்ணி மட்டும் போகலை, தண்ணியிலயும் ஆயில் வருது, இதை முன்னாடி யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை.

அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் இருக்கும், கூலன்ட் அழுத்தம் 1 பார் பக்கம்தான். ஆயில் கூலர் என்பது ஆயிலின் சூட்டைக் குறைக்கும் பாகம், அதற்குள் ஆயிலும் கூலன்டும் மெல்லிய தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடுகின்றன. தகட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், ஓடும்போது ஆயில் கூலன்டுக்குள் தள்ளப்படும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே இறங்கிவிடும், கூலன்ட் மட்டும் சூடு ஆறும் வரை அழுத்தத்தோடு இருப்பதால் அது திரும்ப ஆயிலுக்குள் வரும். இரண்டு பக்கமும் கலப்பது இதனால்தான். கேஸ்கட் போனாலும் இப்படி ஆகலாம், வெடிப்பு விட்ட ஹெட்டிலும் ஆகலாம். ஆனால் நிறைய டீசல் வண்டிகளில் ஆயில் கூலரை வெளியில் இருந்தே கழற்றலாம், ஹெட்டை இறக்காமலே.

அவர் செய்த சோதனைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எதுவும் பெரிய செலவு இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கை பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, இருபது நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் மெதுவாக இறங்கியது, வெளியே எங்கும் கசிவு இல்லை, அப்படியென்றால் உள்ளே போகிறது. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, டேங்கில் இருந்து வரும் ஆவியை ஒரு நீல நிறத் திரவம் வழியாக இழுத்தார். கேஸ்கட் போய் சிலிண்டரில் எரிந்த புகை கூலன்டில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுமாம். மாறவில்லை. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு, கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஆயில் கூலரைக் கழற்றி, துளைகளை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரே இடத்தில் இருந்து குமிழி வரிசையாக வந்தது. புது கூலர், இரண்டு முறை ஆயில் மாற்றியது, கூலன்ட் பாதையைக் கழுவியது எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். ஐந்து மாதமாகிறது, கூலன்ட் ஒரு சொட்டு குறையவில்லை.

முதல் ஷெட்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் பிரித்தார்கள், அதுதான் என் வருத்தம். வெள்ளைப் புகை விடாமல் வருகிறது, புகையில் இனிப்பு வாடை அடிக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் டேங்கில் குமிழி கொப்பளிக்கிறது, வண்டி ஓவர் ஹீட் ஆகிறது என்றால் கேஸ்கட் மேல் சந்தேகப்படுவது நியாயம். என் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நம் ஊரில் நடக்கிறது. என் தெருவில் ஒருவர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் வண்டி எடுப்பவர். மழை நாட்களில் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதைப் பார்த்து இன்ஜினைத் திறக்கக் கிளம்பிவிட்டார். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதில்லை, உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் மூடியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்டும் குறையவில்லை என்றால், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. அப்படி மூழ்கிய வண்டியிலும் ஆயில் வெளுத்துத்தான் போகும், ஆனால் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவு அப்படியே இருக்கும். அந்த வண்டியை தயவுசெய்து சாவி போட்டுக்கூடப் பார்க்காதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கூலன்ட் கலந்தது உறுதியானாலும் அதே பேச்சுதான், "ஷெட் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்று யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். கூலன்டில் இருக்கும் கிளைகால் கலந்த ஆயில், இன்ஜினுக்குள் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளைக் காப்பாற்றாது, அங்கே அடி விழுந்தால் செலவு மூன்று நான்கு மடங்காகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

என் கூலரில் ஏன் ஓட்டை விழுந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். கூலன்டுக்குப் பதில் என்ன ஊற்றினாய் என்று திருப்பிக் கேட்டார். இரண்டு கோடையாக வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறேன். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, அது அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். கம்பெனி சொல்லும் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றுங்கள். கழற்றி எடுத்த பழைய கூலன்டை வாய்க்காலில் கொட்டாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும், அது விஷம்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. கடலூரிலும் புதுச்சேரியிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே மோட்டார் மெக்கானிக் பிரிவில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவரை மாதம் ஒரு முறை எழுத வையுங்கள். முதல் கட்டுரை டிப் ஸ்டிக்கைப் பற்றி இருக்கட்டும், நல்ல ஆயில், மூடியில் மட்டும் ஈரம் படிந்தது, கூலன்ட் கலந்தது என்று மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கலர் பக்கத்தில் போடுங்கள் ஐயா, கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்