டிஃபென்ஸ் ஷேர் வாங்கறதுக்கு முன்னாடி இத படி கண்ணா

கண்ணா,

நீ வாட்ஸ்அப்ல அனுப்பின லிஸ்ட்டை அப்பாவும் நானும் பார்த்தோம். ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க எடுத்து வச்ச பணத்துல பெரிய பங்கை டிஃபென்ஸ் ஷேர்லயும் டிஃபென்ஸ் ஃபண்ட்லயும் போடப் போறேங்கறே, இனிமே சண்டைன்னாலே ட்ரோனும் ஏவுகணையும்தான், அத செய்யற கம்பெனி ஏறாம எங்க போகும்னு கேக்கறே. போன்ல சொன்னா பாதியிலேயே "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிடுவே, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

ஆயுதம் நல்லா வேலை செய்யுதுங்கறது வேற, அதுல போட்ட காசு உனக்கு திரும்பி வரதுங்கறது வேற. நடுவுல ட்ரையல், டெண்டர், ஆர்டர், இன்ஸ்பெக்ஷன், பில் பாஸ் ஆகறதுன்னு நீளமான வழி இருக்கு, அந்த வழியோட கடைசி முனையிலதான் ராணுவத்துக்கு பார்ட்ஸ் செய்யற நம்ம அம்பத்தூர் பட்டறை நிக்குது. நீ சின்ன வயசுல பட்டறைக்கு வருவியே, அப்பா ஒரு சின்ன புஷ்ஷை, அதான் நடுவுல ஓட்டை உள்ள உலோகத் துண்டை, கையில வச்சுகிட்டு அளவு பாக்கற கேஜ் போட்டு பாத்துட்டே இருப்பார் ஞாபகம் இருக்கா, விரல் நீளம் கூட இருக்காது, அதுக்கே மெட்டீரியல் சர்ட்டிஃபிகேட், ஹீட் ட்ரீட்மென்ட் சர்ட்டிஃபிகேட் எல்லாம் வேணும், கேஜோட நோ-கோ பக்கம், அதான் உள்ள போகவே கூடாத பக்கம், ஓட்டைக்குள்ள போயிடுச்சுன்னா மொத்த லாட்டும் நின்னுடும். எல்லாம் பாஸ் ஆகி சரக்கு போனப்புறமும் பில் பாஸ் ஆக மாசக்கணக்கா ஆகும், அது வரைக்கும் பேங்க்ல ஓ.டி.யா எடுத்த கடனுக்கு வட்டி நிக்காம ஓடும். ஆர்டர் வந்துச்சுன்னு சந்தோஷப்பட்ட அதே மாசம் சம்பளம் குடுக்க நான் நகை வச்சிருக்கேன். கணக்கு புக்கு எழுதினவ நான், அதனால எனக்கு "ஆர்டர் புக் இத்தனை ஆயிரம் கோடி"ன்னு நியூஸ்ல வந்தா உடனே மனசு குதிக்காது, அதுல எவ்ளோ பணமா வந்துச்சுன்னுதான் பாப்பேன்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானம் 83 வேணும்னு ஹெச்.ஏ.எல்.ங்கற அரசு விமானக் கம்பெனிக்கு 2021 பிப்ரவரில ஆர்டர், சுமார் 48,000 கோடி. 2024ல குடுக்க ஆரம்பிச்சிருக்கணும். அமெரிக்காவோட ஜி.இ. கம்பெனி அதுக்கு குடுக்க வேண்டிய இன்ஜின்ல முதல் இன்ஜினே 2025 மார்ச்லதான் வந்துச்சு. ஹெச்.ஏ.எல். ஷேர் என்ன பண்ணிச்சு தெரியுமா, 2024 ஜூலைல 5,600க்கு மேல போனது 2025 மார்ச் ஆரம்பத்துல 3,100க்கு கீழ வந்துச்சு. ஆர்டர் அப்படியேதான் இருந்துச்சு, நாடும் அப்படியேதான் இருந்துச்சு, உச்சத்துல வாங்கினவன் பணம் மட்டும் பாதிக்கு கிட்ட போச்சு. அந்த 2024 ஜூலைலயே எச்.டி.எஃப்.சி. டிஃபென்ஸ் ஃபண்ட் புது எஸ்.ஐ.பி., அதான் மாசா மாசம் போடற பணம், வாங்கறத நிறுத்திச்சு. பணத்தை வாங்கிப் போடறதுதான் அவங்க தொழில், அவங்களே இப்போதைக்கு வேணாம்னு சொன்னது எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு.

ஆபரேஷன் சிந்தூர் நடந்தப்ப எல்லாரும் பிரம்மோஸ் பிரம்மோஸ்னு பேசினாங்களே, அந்த ஏவுகணைய செய்யற கம்பெனி ஷேர் மார்க்கெட்லயே இல்ல. நம்ம அரசோட ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டி.ஆர்.டி.ஓ.வும் ரஷ்யா கம்பெனியும் சேர்ந்து வச்சிருக்காங்க, நீயோ நானோ ஒரு ஷேர் கூட வாங்க முடியாது. ஆனா அந்த பேர் அடிபட்ட சூட்டுல வேற எதெதோ ஷேர் ஏறிச்சு. அந்த நாலு நாள் ஜம்முல விளக்கை அணைச்சுட்டு ஜனங்க இருட்டுல உக்காந்திருந்தாங்க, பிள்ளைங்க பயந்து அழுதிருக்கும், அந்த நேரத்துல ஷேர் ஏறி ஸ்கிரீன் பச்சையா இருக்குன்னு யாராவது கொண்டாடினா எனக்கு வயிறு எரியும்டா. நீ அப்படி இருக்கக் கூடாது.

இப்ப ட்ரோன். இதுல உனக்கு நம்பிக்கை ஜாஸ்தி, நியாயம்தான், உக்ரைன்ல சில நூறு டாலர் ட்ரோன் பல கோடி ரூபா டாங்கை எரிக்குது, ட்ரோன் தொல்லையாலதான் அமெரிக்கா குடுத்த ஏப்ரம்ஸ் டாங்கையே முன் வரிசைலேர்ந்து பின்னாடி நகத்தினாங்கன்னு 2024 ஏப்ரல்ல அமெரிக்க அதிகாரிங்க சொன்னதா நியூஸ் வந்துச்சு. ஆனா அந்த மலிவுதான் முதலீட்டுக்கு ஆபத்து. மலிவா, சீக்கிரமா செய்யக்கூடிய பொருள நாளைக்கு பத்து பேர் செய்வான், விலை இறங்கும், எதிராளி சிக்னலை முடக்கற ஜாமர் போட்டா இந்த வருஷ மாடல் அடுத்த வருஷம் செல்லாது. நம்ம ஊர்லயே பாரு, ஐடியாஃபோர்ஜ்ங்கற ட்ரோன் கம்பெனி ஒரு ஷேரை 672 ரூபாய்க்கு குடுத்துச்சு, அதுதான் இஷ்யூ விலை, 2023 ஜூலைல மார்க்கெட்டுக்கு வந்தப்ப 1,300ல லிஸ்ட் ஆச்சு, முதல் நாள் வாங்கினவங்க எல்லாம் ட்ரோன்தான் எதிர்காலம்னுதான் வாங்கினாங்க. 2024-25ல அவங்க விற்பனை பாதியா கொறஞ்சு நஷ்டம் ஆச்சு, ஷேரும் இஷ்யூ விலையில பாதி கிட்ட வந்துச்சு. எதிர்காலம் ட்ரோன்ங்கறது பொய்யே இல்ல, அந்த வருஷம் ஆர்டர் வரல, அவ்ளோதான். 2025 பிப்ரவரில சீனா பார்ட்ஸ் இருக்குன்னு 400 ட்ரோன் வாங்கற ஒப்பந்தத்தையே நம்ம கவர்மென்ட் ரத்து பண்ணிச்சு, மோட்டார் எங்கேர்ந்து வருது சிப் எங்கேர்ந்து வருதுங்கறது ஒரே நாள்ல ஷேர் விஷயமா ஆயிடும்.

அமெரிக்காவுலயும் இதுதான். 2025 மார்ச்ல எஃப்-47ங்கற புது போர் விமானம் செய்யற ஆர்டர் போயிங்குக்குன்னு ஒரு அறிவிப்பு, அன்னைக்கே இன்னொரு போர் விமானக் கம்பெனி லாக்ஹீட் ஷேர் அஞ்சாறு சதவீதம் விழுந்துச்சு. வாங்கறவர் ஒருத்தர்தான், அரசாங்கம். அவர் யாருக்கு ஆர்டர் குடுப்பார்ங்கறது உனக்கும் எனக்கும் முன்கூட்டி தெரியாது.

வாங்கவே வாங்காதேன்னு சொல்லல. 2020லேர்ந்து எந்தெந்த ராணுவப் பொருள இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு கவர்மென்ட் லிஸ்ட் போட்டு இங்கேயே வாங்கறாங்க, 2025-26 பட்ஜெட்ல ராணுவத்துக்கு 6.81 லட்சம் கோடி, அதுல நம்ம மாதிரி பட்டறைக்கும் வேலை வருது, எனக்கும் பெருமைதான். ஆனா ஃபிளாட் பணத்த தொடாதே, அது எஃப்.டி.லயே இருக்கட்டும். உன் எஸ்.ஐ.பி.ல மாசம் போடறதுல பத்துல ஒரு பங்கு இதுக்கு ஒதுக்கு, அதுவும் சண்டை நியூஸ் ஓடற வாரத்துல வாங்காதே. உன் இன்டெக்ஸ் ஃபண்ட்குள்ள பி.இ.எல்.ங்கற டிஃபென்ஸ் கம்பெனி ஷேர் ஏற்கனவே இருக்கு, அதையும் கணக்குல சேத்துக்கோ.

நீ அனுப்பின லிஸ்ட்ல இருக்கற நாலு கம்பெனியோட ஆனுவல் ரிப்போர்ட்டையும் டவுன்லோட் பண்ணி எனக்கு அனுப்பு. டிரேட் ரிசீவபிள்ஸ்னு ஒரு வரி இருக்கும், விற்பனையில எவ்ளோ பணம் இன்னும் வரலன்னு அது சொல்லும், கூடவே ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ, அதான் தொழில்லேர்ந்து நிஜமா கைக்கு வந்த பணம், அந்த பக்கமும் வேணும், மூணு வருஷத்துக்கு. நான் நோட்டுல எழுதி வச்சு ஞாயித்துக்கிழமை காலைல கூப்பிடறேன், அது வரைக்கும் எதையும் வாங்காதே.

அம்மா